இலங்கை குறைந்த வருமான நாடாகத் தரமிறக்கப்படவில்லை

மட்டக்களப்பு இளைஞரின் தொழில் வாய்ப்புகள் பற்றிய இவ்வுரையாடலில், உலக வங்கி 2022இல் இலங்கையைக் குறைந்த வருமான நாடாகத் தரமிறக்கியதாக ஓர் அன்பர் எழுதியுள்ளார். அவ்வாறு நடக்கவில்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். அவ்வாண்டு டிசம்பரில் நடந்தது, வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச அபிவிருத்திச் சங்கம் வறிய நாடுகளுக்கு வழங்கும் சலுகை நிதியைப் பெற இலங்கைக்கு மீண்டும் தகுதி அளிக்கப்பட்டமையே. அதற்கு விண்ணப்பிக்க ஒக்டோபரில் அமைச்சரவை இணங்கியபோது வெளிவந்த தலைப்புச் செய்திகளால் பலரும் குழம்பினர். அவ்வாண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற எம் மக்கள் அதை நம்பியதில் வியப்பில்லை.

வருமான வகைப்படுத்தல் வேறு. தலைக்குரிய மொத்தத் தேசிய வருமானத்தைக் கொண்டு ஆண்டுதோறும் ஜூலை 1இல் அது புதுப்பிக்கப்படுகிறது. 2019இல் மேல் நடுத்தர வருமானப் பிரிவுக்கு உயர்ந்த இலங்கை, 2020இல் கீழ் நடுத்தரப் பிரிவுக்குத் திரும்பியது. பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய 2023ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அதே பிரிவிலேயே இருந்தது. உலக வங்கியின் இணையத்தளத்திலுள்ள வரலாற்று வகைப்படுத்தல் எக்செல் கோப்பைத் தரவிறக்கி, இலங்கைக்குரிய வரிசையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இடப்பட்டுள்ள குறியீட்டை எவரும் பார்க்கலாம்: ‘எல்எம்’ என்பது கீழ் நடுத்தரம், ‘எல்’ மட்டும் இருந்தால் குறைந்த வருமானம்.