புவிவெப்ப நீர் பாறைக்குழம்பிலிருந்து பிறப்பதா?

புவிவெப்ப வயல்களில் (நிலத்தடி வெப்பம் மேலெழும் இடங்களில்) வெளிவரும் நீரும் நீராவியும் பாறைக்குழம்பிலிருந்து (மாக்மா) புதிதாகப் பிறப்பவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெப்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியே. நீரைப் பொறுத்தவரை அது பொருந்தாது; அது பெரும்பாலும் நிலத்துள் இறங்கிச் சூடான மழைநீரே.

டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 என்பவை ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் கனமான வகைகள் (ஐசோடோப்புகள்); ஒரு நீரில் அவை தரநிலை நீரிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு வேறுபடுகின்றன என்பதே அவற்றின் மதிப்பு. உலகெங்கும் மழைநீரின் டியூட்டீரியம் மதிப்பு, ஆக்சிஜன்-18 மதிப்பை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு நெருக்கமாக இருக்கும் என்பதை 1961-இல் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் காட்டினார். ஆக்சிஜன்-18-ஐக் கிடையச்சிலும் டியூட்டீரியத்தை நெடுக்கச்சிலும் வைத்த வரைபடத்தில் இந்த மழைநீர்க் கோட்டோடு புவிவெப்ப நீரையும் குறித்தால், பெரும்பாலான வயல்களில் டியூட்டீரியம் அந்தந்த வட்டார மழைநீரை ஒட்டியே நிற்க, ஆக்சிஜன்-18 மட்டும் வலப்புறம், அதாவது கூடுதல் மதிப்பை நோக்கி, நகர்ந்திருக்கும். பாறைக்குழம்பு நீரே முதன்மை ஆதாரமென்றால், எல்லா வயல்களின் புள்ளிகளும் பாறைக்குழம்பு நீருக்குரிய ஒரே இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஆக்சிஜன்-18-இன் நகர்வுக்குக் காரணம், சூடான நீர் ஆக்சிஜன் நிறைந்த பாறையோடு அணுக்களைப் பரிமாறிக்கொள்வதுதான். பாறையில் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் டியூட்டீரியம் அவ்வளவாக மாறுவதில்லை.

எரிமலை வளைவுகளை (வில் வடிவில் அமைந்த எரிமலைத் தொடர்களை) ஒட்டிய சில வயல்களில் பாறைக்குழம்பு நீரும் ஓரளவு கலக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், சில வயல்களில் மிகுதியாகக் காணப்படும் ஹீலியம்-3 (ஹீலியத்தின் இலகுவான வகை) புவியோட்டுக்குக் கீழுள்ள மூடகத்திலிருந்து (mantle) வளிமம் வருவதற்கான சான்றே தவிர, நீரின் பிறப்பிடத்திற்குச் சான்றாகாது.

ஐயமிருப்பவர்கள், ஏதேனும் ஒரு வயலின் ஆழ்கிணறுகளுக்கு வெளியிடப்பட்ட ஐசோடோப்பு அட்டவணையையும், சர்வதேச அணுசக்தி முகமையின் மழைநீர்த் தரவுத்தளத்தில் அவ்வட்டாரத்திற்குரிய மதிப்புகளையும் எடுத்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம். மேற்பரப்பில் கொதிக்கும் அமிலக் குட்டைகளின் மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள்; ஆவியாதல் அவற்றின் மதிப்புகளைக் குலைத்துவிடும்.