பந்தயத் திடலும் எங்கள் ஊர்க் கண்மாயும்

மதுரைப் பக்கத்து ஆளுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்களுக்கு மாடுதான், ரேக்ளா வண்டிதான். ஆனால் பந்தயத் திடலை நடத்தும் உரிமையை அதிகத் தொகை கேட்பவருக்கு விடலாம் என்று யாராவது சொன்னால், எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய்தான் ஞாபகத்துக்கு வரும்.

கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலம் மரத்தடியில்தான் நடக்கும். டேவணி, அதாவது முன்பணம், கட்டியவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷம், யாரும் எதிர்பார்க்காத தொகைக்குப் போனது. ஊரே சந்தோஷப்பட்டது. எடுத்தவர் போட்ட காசை எடுக்க வேண்டாமா? பங்குனி பிறப்பதற்குள் மோட்டார் வைத்து ராத்திரி பகலாகத் தண்ணீரை இறைத்தார். குஞ்சு மீன் வரை அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் தேடி வந்த எருமைகள் வெறும் சேற்றில் காலை மாற்றி மாற்றி நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த ஏலத்துக்கு முந்தின நாளே நாலு பேர் டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள். பாதித் தொகைகூடத் தேறவில்லை.

இது பெரிய இடத்திலும் நடக்கும். நியூயார்க்கில் குதிரைப் பந்தயம் நடத்திவந்த பழைய சங்கத்தின் உரிமை 2007 கடைசியில் முடிவதாக இருந்தது. பெல்மாண்ட், சரடோகா, அக்விடக்ட் என்று மூன்று திடல்கள். வெளியிலிருந்து பல கூட்டணிகள் போட்டிக்கு வந்தன. கடைசியில் 2008-இல் பழைய சங்கத்துக்கே 25 வருஷம் கிடைத்தது. ஆனால் நிலம் எங்களுடையது என்ற வாதத்தை அது கைவிட வேண்டியிருந்தது. போட்டியால் மக்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் அதுதான் என்பேன். அதே அக்விடக்டில் சூதாட்ட இயந்திரக் கூடம் நடத்த 2010 ஜனவரியில் ஒரு கூட்டணியைத் தேர்ந்தெடுத்து, மார்ச்சிலேயே கைகழுவினார்கள். மற்றவர்களின் கேட்புகளை அலசிய உள்ளறிக்கை அந்தக் கூட்டணிக்காரர்கள் கைக்குப் போயிருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. நம்ம டீக்கடை மாதிரியேதான்.

சரி, ஏலமே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. கிண்டி குதிரைப் பந்தயத் திடலைப் பாருங்கள். சென்னைக்கு நடுவில் 160 ஏக்கர். 1945-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். அதை உயர்த்தும் வழக்கு பல வருஷம் இழுத்து, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. போட்டியே இல்லாமல் ஒரே கையில் மூன்று தலைமுறைக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் கேட்பது, தொகைக்கு முன்னால் நிபந்தனையைப் பேசுங்கள் என்பதுதான். நிலம் அரசிடமே இருக்கட்டும். குத்தகை பத்து, பதினைந்து வருஷத்தைத் தாண்ட வேண்டாம். ஓட்டம் நின்றுபோன குதிரையை யார் பராமரிப்பது, விடியுமுன் எழுந்து லாயம் கூட்டுகிறவருக்கு என்ன சம்பளம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். யார் எவ்வளவு கேட்டார் என்று எழுதிய உறைகளை எல்லோர் முன்னாலும் பிரியுங்கள்.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 60 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய ஏறுதழுவுதல் அரங்கத்தை 2024 ஜனவரியில் திறந்தார்கள். வருஷம் முழுக்க அதை நடத்த ஒருநாள் டெண்டர் விட்டாலும் விடுவார்கள். அன்றைக்கு, வாடிவாசலுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மாட்டுக்கு நிழலும் தொட்டித் தண்ணீரும் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.