600 கிலோமீட்டர் வரவழைத்துவிட்டு, 'லோக்கல் ஆள்தான் வேணும்' என்கிறார்கள்

காலேஜ் முடித்துவிட்டு மார்க்கெட்டிங் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். என் ரெஸ்யூமில் பெயருக்குக் கீழேயே தென்காசி என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்க்காமல் என் போன் நம்பரைப் பார்க்கவே முடியாது. பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். "நாளைக்குக் காலையில 10.30-க்கு நேர்ல இன்டர்வியூ, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க" என்று சாயங்காலம் நாலு மணிக்குச் சொல்வார்கள். அடித்துப் பிடித்துச் சென்னைக்குப் போய் நின்றால், "ஓ, தென்காசியா? நாங்க லோக்கல் கேண்டிடேட்தான் பாக்குறோம்" என்பார்கள். அதை முந்தின நாள் போனிலேயே சொல்வதற்கு என்ன கேடு?

நாலு மணிக்கு ஒரு போன் வந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று அந்த எச்.ஆர். மேடங்களுக்குத் தெரியுமா? பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையிலிருந்து சாயங்காலமே கிளம்பிவிடும். படுக்கை வகுப்புக்கான தட்கல் முந்தின நாள் 11 மணிக்கே திறந்து, திறந்த வேகத்தில் முடிந்தும் போயிருக்கும். அப்புறம் பஸ்தான். வெள்ளிக்கிழமை என்றால் ஆம்னி பஸ்காரர் சொன்னதுதான் விலை. இரவெல்லாம் உட்கார்ந்தே போய், கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் அந்த நிலையம் திறந்ததிலிருந்து தெற்கே இருந்து வருகிறவர்களுக்குச் சென்னை அங்கேதான் தொடங்குகிறது. கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, சுடிதார் மாற்றி, அங்கிருந்து நுங்கம்பாக்கமோ வடபழனியோ போய்ச் சேர இன்னொரு பஸ். அந்தச் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பயணம் முழுவதிலும் என்னிடம் காசு கேட்காத இடம் அது ஒன்றுதான்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அப்பாவும் கூடவே வருகிறார். அரிசி மில்லில் வேலை. வராத நாளுக்குக் கூலி இல்லை. ஆக, ஒரு இன்டர்வியூ என்றால் போக வர இரண்டு பேருக்கு டிக்கெட், இரண்டு நாள் சாப்பாடு, இரண்டு நாள் கூலி. வடபழனியில் ஒரு ஆபீசுக்குப் போயிருந்தபோது அப்பா கீழே டீக்கடை ஓரமாக நின்றுகொண்டார். நான் மாடியேறிப் போய், இரண்டு பக்க ஃபாரம் நிரப்பி, உள்ளே கூப்பிட்டதும் போய், "தங்க இடம் இருக்கா? இல்லையா? அப்ப சரி, சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தால், அவர் கையில் பாதி டீ இருந்தது. "என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்றார். நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?

முதல் சுற்றை வீடியோவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? 2020 ஊரடங்கில் ஆபீஸையே ஆளாளுக்கு வீட்டிலிருந்துதானே நடத்தினீர்கள்? அப்போது முகம் பார்க்காமலே ஆள் எடுத்தார்கள், வேலையும் நடந்தது. இப்போது மட்டும் "சொந்த ஊர் எது, தங்க இடம் இருக்கா" என்று கேட்க நான் 600 கிலோமீட்டர் தாண்டி வர வேண்டுமா? அது போனில் இரண்டு நிமிட வேலை. கேட்கிறவர்களுக்குச் செலவில்லை, அதனால் கேட்பதில்லை. செலவெல்லாம் என் தலையில்தானே.

தோழி ஒருத்தி, "ரெஸ்யூம்ல வேளச்சேரி அட்ரஸ் போட்டுருடி, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்கிறாள். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் ஊர் என்ன குற்றமா?

இத்தனைக்கும் போகிற இடத்தில் மார்க்கெட்டிங் வேலை இருக்கிறதா என்றால், பாதி இடங்களில் அதுவும் இல்லை. 'மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ், ஃபிரெஷர்ஸ் வரலாம், ஏசி ஆபீஸ்' என்று விளம்பரம் போடுவார்கள். போனால் ஃபாரத்தில் முதல் கேள்வியே 'சொந்த டூவீலர் உண்டா? லைசென்ஸ் நம்பர்?' என்று இருக்கும். கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ், தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் என்று வீடு வீடாகப் போய் விற்கிற வேலை. அந்த வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. வெயிலில் அலைந்து டார்கெட் முடிக்கிற அண்ணன்மாரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனால் அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அதையே எழுதிக் கேளுங்கள். விருப்பமுள்ளவர் வருவார்கள். மறைத்துக் கூப்பிடுவது ஏன்? உண்மையை எழுதினால் வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். வந்துவிட்டவர்கள் செலவழித்த காசை நினைத்தாவது சேர்ந்துவிடுவார்கள் என்றும் தெரியும். கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

இன்னும் மோசமான இடங்களும் உண்டு. ஒரு ஹாலில் முப்பது நாற்பது பேரை உட்காரவைத்து, டை கட்டிய ஒருவர் மேடையேறி, "இங்க யாருக்கெல்லாம் ஒரு வருஷத்துல கார் வாங்கணும்?" என்று கேட்பார். எல்லோரும் கை தட்ட வேண்டும். கடைசியில் பார்த்தால், நாம் பணம் கட்டிச் சேர்ந்து, நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். ஆளைச் சேர்த்துக் காசு பார்க்கும் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது. ஆனாலும் வேலைக்கு ஆள் எடுப்பு என்ற பெயரில், பி.பி.ஏ., பி.காம். முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் திருவாரூரிலிருந்து வந்திருந்தான். வெளியே வந்ததும் பஸ்ஸுக்குக் காசு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அப்படி நிற்கவைத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உண்மையான மார்க்கெட்டிங் வேலைக்கு வருவோம். 'ஃபிரெஷர்' என்று தலைப்புப் போட்டு, கீழே 'ஒன்று முதல் இரண்டு வருட அனுபவம்' என்று எழுதுகிறார்கள். போஸ்டர் டிசைன் செய்யத் தெரிய வேண்டும், வீடியோ எடிட் செய்யத் தெரிய வேண்டும், கூகுள் தேடலில் கம்பெனியை முன்னால் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. தெரிய வேண்டும், ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் விளம்பரம் ஓட்டத் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும், இந்தியும் தெரிந்தால் நல்லது. நாலு பேர் வேலை இது. சம்பளம் 12,000. அதையும் விளம்பரத்தில் போடுவதில்லை, 'திறமைக்கேற்ப' என்று போடுகிறார்கள். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் அந்த 12,000 வாயிலிருந்து வருகிறது.

"இதுவரைக்கும் எவ்வளவு ஆட் பட்ஜெட் ஹேண்டில் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். காலேஜை விட்டு இப்போதுதான் வந்தவளிடம் யார் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்திருப்பார்கள்? எங்களுக்கு மூன்று வருடமும் சொல்லிக்கொடுத்தது 1960-ல் அமெரிக்கப் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த நான்கு 'பி'யைத்தான்: பொருள், விலை, இடம், விளம்பரம். அது தப்பில்லை, அடிப்படை அதுதான். ஆனால் ஒரு விளம்பரக் கணக்கைத் திறந்து, 500 ரூபாய் போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு நாளாவது காட்டியிருக்கலாம் இல்லையா? காட்டவில்லை. நானாகத்தான் கூகுளின் 40 மணி நேர இலவச கோர்ஸை முடித்தேன், தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் மூலமாக இன்னொன்று படித்தேன். சர்டிபிகேட்டை நீட்டினால், "இதெல்லாம் எல்லாரும் வச்சிருக்காங்க" என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

ஒருவர்கூட என் ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்குப் போகிறது. ஏலக் கமிஷன் கடைகளில் உட்கார்ந்து, காலையில் ஒரு விலையும் மத்தியானம் ஒரு விலையும் ஏன் என்று கேட்டு எழுதினேன். சின்னதாக ஊறுகாய் போடும் அக்காமார் லேபிள்கூட இல்லாமல் விற்பதால் என்ன இழக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதுதானே மார்க்கெட்டிங்? வாங்குகிறவர் யார், ஏன் வாங்குகிறார், விற்கிறவர் கைக்கு என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்வதுதானே? அந்த ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டே போகிறேன். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆனால் ஓசியில் வேலை வாங்க மட்டும் தெரிகிறது. 'அசைன்மென்ட்' என்று ஒன்று கொடுப்பார்கள். ஒரு ஏஜென்சி எனக்குக் கொடுத்தது, ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மாதத்துக்கான போஸ்ட், பத்து வாசகம், இரண்டு ரீல்ஸுக்கு ஸ்கிரிப்ட். ராத்திரி முழித்துச் செய்து அனுப்பினேன். அதில் ஒரு வாசகம்: 'இந்த ஆடிக்கு அம்மாவுக்கு ஒரு சேலை, அம்மாவுக்கே தெரியாம.' பதில் வரவே இல்லை. மெயில் போட்டேன், போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் ஒரு கடையின் ஆன்லைன் பக்கத்தில் அதே வாசகம், 'சேலை' பக்கத்தில் 'பட்டு' மட்டும் சேர்த்து, பளபளவென்று போட்டிருந்தார்கள். வேலையில் சேர எனக்குத் தகுதி இல்லை, ஆனால் நான் எழுதியதற்குக் கடைக்காரரிடம் விலைபோகத் தகுதி இருக்கிறதா? இது திருட்டு. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லேடீஸ் ஹாஸ்டலில் நாலு பேர் ரூமில் ஒரு கட்டிலுக்குச் சாப்பாட்டோடு 7,000 கேட்கிறார்கள். அட்வான்ஸ் தனி, காலி பண்ணும்போது அதிலும் பிடித்துக்கொள்வார்கள். 12,000-ல் மீதி 5,000. போன், மருந்து, ஊருக்கு ஒரு முறை போய் வர டிக்கெட், நாலு உடுப்பு. வீட்டுக்கு என்ன அனுப்ப? இதில் முதல் மூன்று மாதம் 'ட்ரெய்னிங்', அதற்கு 5,000 என்கிறார்கள் சிலர். 2024-ல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலேயே மாதம் 5,000-தான் வைத்தார்கள். வீட்டிலிருந்து போய் வருகிற பிள்ளைக்கு அது கைச்செலவு. என்னைப் போன்றவளுக்கு ஒரு கட்டிலுக்கே காணாது. அப்படியென்றால் இந்தத் தொழிலுக்குள் யார் நுழைய முடியும்? சென்னையில் அப்பா வீடு உள்ளவர்கள் மட்டும்தானே? வேலைக்கு வரும் பெண்களுக்கென்று அரசாங்கம் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் தோழி விடுதி கட்டியிருக்கிறது. வெளியூர்ப் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியாதா?

"கல்யாணம் எப்ப? வீட்டுல இவ்வளவு தூரம் அனுப்புவாங்களா? ஒரு வருஷத்துல கட்டிக் கொடுத்துட மாட்டாங்களே?" என்று கூசாமல் கேட்கிறார்கள். அதே இன்டர்வியூவுக்கு வந்த பையனிடம் இதை யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா அனுப்பத் தயாராகத்தான் கீழே நின்றுகொண்டிருக்கிறார்.

ஊரில் அத்தை, "பேசாம பி.எட். படிச்சிருக்கலாம், இல்லன்னா பேங்க் பரீட்சை எழுது" என்கிறார். அவர் மேல் கோபமில்லை, என் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் நான் ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, செய்யவும் வரும்.

போன வாரம் மறுபடி ஒரு போன். இந்த முறை நானே கேட்டேன். சம்பளம் எவ்வளவு மேடம்? ஃபீல்டு வேலையா, ஆபீஸ் வேலையா? வெளியூர் ஆள் என்றால் எடுப்பீர்களா? ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இவ்வளவு கேள்வி கேட்டா எப்படிம்மா வேலை கிடைக்கும்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேட்கத்தான் செய்வேன். இந்த வருஷம் படிப்பை முடிக்கிற பிள்ளைகளே, நீங்களும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள். பதில் சொல்லாத இடத்துக்குப் பஸ் ஏறாதீர்கள். பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காட்டிவிட்டு, கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.