தேதி சொல்லுங்க சார்

தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தாயிற்று. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. மண்டபம் பிடிக்கிற வேலை மட்டும் என் தலையில்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் கேட்டால், "தேதி சொல்லுங்க சார், அப்புறம் பேசலாம்" என்கிறார் மேனேஜர். சரி என்று ஜோசியரிடம் போய் மூன்று தேதி குறித்துக்கொண்டு வந்தேன். மூன்றும் போய்விட்டதாம்! வளர்பிறை முகூர்த்தத்தை எல்லாம் போன வருஷமே பிடித்துவிட்டார்களாம். ஆடி வேண்டாம், மார்கழி வேண்டாம் என்று ஊரே ஒதுக்கிவிட்டு, மிச்ச நாளுக்கு ஊரே முட்டிக்கொண்டால் நான் எங்கே போவது?

வாடகைக் கதை வேறு. கரண்டுக்குத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, பெருக்கித் துடைக்கத் தனி. சமையலுக்கும் அவர்கள் சொல்கிற ஆள்தான். அப்போது வாடகை எதற்கு, வாசல்படி மிதிக்கவா?

இதற்கு நடுவில் பெரிய மாமா, "ஏற்காட்டுல வெச்சுக்கலாம்டா, குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு மாமா! பந்தியில் உட்காரும் முன்பே பாதி சொந்தம் வாந்தி எடுத்துவிடும்.

அம்மா கவலையே படவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்துவிட்டார். தேதிதான் இன்னும் இல்லை.