அந்த ஷில்லுக் வீரன் கொள்ளைப் பொருள் அல்ல

ஒற்றைக் காலில் ஈட்டியோடு நிற்கும் அந்த வெண்கலச் சிலையை, அதாவது தெற்கு சூடானின் ஷில்லுக் இன வீரனை, ‘பிரிட்டிஷார் ஆப்பிரிக்காவில் கொள்ளையடித்த பழஞ்சிலை’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் 1930இல் செய்து தரச் சொல்லிப் பணித்த பெரிய சிற்ப வரிசையில் அது ஒன்று. வடித்தவர் பிரெஞ்சுச் சிற்பி ரோதானிடம் பயின்ற அமெரிக்கச் சிற்பி மால்வினா ஹாஃப்மன். 1897இல் பிரிட்டிஷ் படை அள்ளிச் சென்றது இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் வெண்கலங்களை. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரு பாதத்தை மற்ற முழங்காலருகே ஊன்றி நிற்பது வெள்ளை நைல் பகுதி மேய்ப்பர்களின் இயல்பான நிலை, அதை ஹாஃப்மன் அச்சாகப் பிடித்திருக்கிறார். கோபப்படத்தான் வேண்டுமென்றால் வேறு காரணம் இருக்கிறது: 1933இல் ஹாஃப்மனின் இந்தச் சிற்பங்களை ‘மனித இனங்கள்’ என்று வகை பிரித்துத்தான் காட்சிக்கு வைத்தார்கள். அறுபதுகளின் இறுதியில் அந்தக் கூடத்தையே கலைத்துவிட்டார்கள்.