கோளாறு எங்கள் வாயில் இல்லை, உங்கள் மென்பொருளில்தான்

தமிழில் பேசினால் எழுத்தாக்கி, அதை மலையாளமாக்கித் தரும் ஆப்களைப் பற்றித்தான் சொல்கிறேன். மைக் சரியாக இருக்கிறது. இணையம் ஓடுகிறது. ஆப் சேர்த்து வைத்திருந்த தற்காலிகக் கோப்புகளை (கேஷ்) அழித்தாகிவிட்டது, ஆப்பை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாகிவிட்டது, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தாகிவிட்டது, போனை அணைத்துப் போட்டும் பார்த்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு உதவிப் பகுதியைத் திறந்தால் "தெளிவாகவும் நிதானமாகவும் பேசவும்" என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே, அதைப் படிக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யாரைப் பார்த்துத் தெளிவாகப் பேசச் சொல்கிறீர்கள்? நான் சித்தூர் தாலூகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) மனு எழுதிக் கொடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நிலத்தில் என்ன பிரச்சினை, யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் எந்தக் காகிதம் கொடுத்தார்கள் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் புரிகிறது. பக்கத்துக் கடை மலையாளி சேட்டனுக்கும் புரிகிறது. இந்த மென்பொருளுக்கு மட்டும் புரியவில்லை என்றால் கோளாறு பேசுகிறவர் வாயில் எப்படி இருக்கும்?

மனுவைத் தமிழிலேயே கொடுக்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமைகளுக்கும், தாங்கள் வாழும் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று சொல்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மலையாளத்தில் படித்து வளர்ந்தவர், மலையாளத்தில் இருந்தால் காகிதம் சீக்கிரம் நகரும் என்று வருகிறவர்களே கேட்கிறார்கள். அதற்காகத்தான் பேச்சை எழுத்தாக்க ஒன்று, அந்தத் தமிழை மலையாளமாக்க இன்னொன்று என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதான அம்மா ஒருவர் சொன்னது: "எல்லாப் பேப்பரும் போன மாசமே கொடுத்தேனுங்க ஆபீஸ்ல." அவர் சொன்னது தாலூகா ஆபீஸை. இந்தப் பக்கம் வாயைத் திறந்தாலே கூட வருகிற மரியாதை 'ங்க' அது, கோயம்புத்தூர் வரைக்கும் எல்லாரும் பேசுகிறதுதான். திரையில் விழுந்தது "கொடுத்தேன் உங்க ஆபீஸ்ல." அடுத்த கருவி அதை வாங்கி, வழவழவென்று நல்ல மலையாளத்தில் "உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன்" என்று எழுதிவிட்டது. மனு போகப் போவது வில்லேஜ் ஆபீஸுக்கு. அங்கே கொடுக்காத காகிதத்தை அங்கே கொடுத்ததாக அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருப்பார். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் வரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் பொய் சொன்னவர் யார்? அந்த அம்மாதான்!

இதில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது அந்த வழவழப்பைப் பார்த்துத்தான். முதல் கருவி தப்பாகக் கேட்டால் எழுத்து கோணலாக இருக்கும், பார்த்தவுடனே தெரியும், திருத்திவிடலாம். இரண்டாவது கருவி அந்தக் கோணலையெல்லாம் இஸ்திரி போட்டு நீட்டிவிடுகிறது. வாக்கியம் இலக்கணமாக இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, ஆனால் சொன்ன விஷயம் வேறு. மலையாளம் படிக்கத் தெரியாதவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பேசியவுடனே மலையாளம் வரும் என்று இரண்டையும் ஒரே பட்டனில் இணைத்துக் கொடுத்திருக்கிறார்களே, அதில் நடுவில் என்ன கேட்டது என்பதைக்கூடச் சில ஆப்கள் காட்டுவதில்லை. புகார் சொன்னால் பேச்சுக் கருவிக்காரர்கள் மொழிபெயர்ப்பைப் பாருங்கள் என்கிறார்கள், மொழிபெயர்ப்புக்காரர்கள் உள்ளீட்டைச் சரிபாருங்கள் என்கிறார்கள். நடுவில் நாங்கள் நிற்கிறோம்.

அடுத்தது போக்குவரவு. கேரளத்தில் நிலம் கைமாறினால் வில்லேஜ் கணக்கில் பெயர் மாற்றுவதற்கு அதுதான் சொல். தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் என்பார்கள், இங்கே தமிழ் பேசுகிறவர்களும் போக்குவரவு என்றுதான் சொல்வார்கள். "அப்பா இறந்துட்டார், நிலத்துக்குப் போக்குவரவு செஞ்சு தரணும்" என்று ஒருவர் சொன்னால், தமிழ் கேட்கும் கருவி அதைத் தானாகவே 'போக்குவரத்து' என்று திருத்துகிறது. மொழிபெயர்ப்பு அதை டிராஃபிக்காக எடுத்துக்கொண்டு மலையாளத்தில் 'கதாகதம்' என்று இறக்குகிறது. மலையாளத்தில் வர வேண்டிய சொல்லும் அதே போக்குவரவுதான். ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டிருந்தால் மனு சரியாக இருந்திருக்கும்! 'ஏழரை செண்ட்' என்று சொன்னது 'ஏழு அறை' ஆகி வீட்டின் அறைக் கணக்காக மாறுவதும், சர்வே நம்பரில் இருக்கும் சாய்கோடு காணாமல் போய் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொள்வதும் தனிக்கதை. நிலக் காகிதத்தில் ஒரு எண் மாறினால் அது வேறொருவர் நிலம்.

மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள், அதை நம்பவே கூடாது. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், இன்று எத்தனையோ ஆப்களுக்கு அடியில் அதுதான் ஓடுகிறது. ஒலியை 30 விநாடித் துண்டுகளாகத்தான் அது கேட்கும். மொழியை நாம் சொல்லாவிட்டால் முதல் துண்டைக் கேட்டு ஒரு மொழியை முடிவு செய்யும், பிறகு அந்த மொழி என்று வைத்துக்கொண்டே எழுதும். முதல் அரை நிமிடத்தில் ஒருவர் வில்லேஜ் ஓஃபீஸ், கைவசாவகாசம் (நிலம் கைவசம் இருப்பதற்கான சான்று), கரம் அடச்ச ரசீது (வரி கட்டிய ரசீது) என்று இங்குள்ள அலுவலகச் சொற்களைச் சொன்னால் மலையாளம் என்று முடிவாகிவிட வாய்ப்புண்டு. அப்புறம் அவர் பேசும் தமிழெல்லாம் மலையாள எழுத்தில் வந்து விழும். விஸ்பரை முதலில் பழக்கிய 6,80,000 மணி நேர ஒலியில், பேச்சும் எழுத்தும் அதே மொழியில் இருந்தது ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான். அதிலும் எல்லையில் இரண்டு மொழியைக் கலந்து பேசுகிறவர்கள் பேச்சு எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு வாய்க்கு ஒரு மொழி என்று யார் சொன்னது? பாலக்காட்டில், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேட்டில், அந்தப் பக்கம் கன்னியாகுமரியில், செங்கோட்டையில், வடக்கே ஆந்திரத்தின் நகரி, குப்பம் வரைக்கும் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி வருவது எங்கள் அன்றாடப் பேச்சு. அதைச் சத்தம், பிழை என்று கழிக்கிறார்கள்.

இன்னொன்று, தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவில் ஆங்கிலம் எதற்கு? பல கருவிகள் தமிழை முதலில் ஆங்கிலமாக்கி, அதிலிருந்து மலையாளம் செய்கின்றன. விஸ்பரின் மொழிபெயர்ப்பு வசதியே ஆங்கிலத்துக்கு மட்டும்தான். காரணம் தெரியும், ஒரே விஷயத்தை இரண்டு மொழியில் இணையாக எழுதிய உரை ஆங்கிலத்தோடுதான் ஏராளமாகக் கிடைக்கிறது, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கு நேருக்கு நேர் செய்வதென்றால் 231 ஜோடி வரும். சரி, ஆனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வேலையில் எங்களுக்கு ஆகும் சேதத்தை யாராவது பார்த்தார்களா? ஆபீசரை 'அவர்' என்று மரியாதையாகச் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது மலையாளத்தில் 'அவன்' ஆகி வருகிறது. அதிகாரியை அவன் இவன் என்று எழுதிய மனுவை யார் மதிப்பார்கள்? கிணற்றுத் தகராறில் 'எங்க கிணறு' என்று சொன்னது 'நம்முடெ கிணர்' என்று வந்தது. எங்களுடையது, உங்களுடையது இல்லை என்பதுதான் வழக்கே. எங்கள் வேறு, நம் வேறு என்பது தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் ஞங்ஙள், நம்மள் என்று உண்டு, நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில்தான் இல்லை. இரண்டு பக்கமும் இருந்ததை நடுவில் இருப்பது தின்றுவிட்டது.

தொழில்நுட்பம் இப்போதுதான் வளர்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011லும் மலையாளம் 2014லும் வந்துவிட்டன. இரண்டு மொழியிலும் குரல் தட்டச்சு 2017ல் வந்தது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023ல் 22 அட்டவணை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு செய்யும் ஏஐ மாடலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்துவிட்டது. வேலை செய்ய ஆள் இருக்கிறார்கள். எல்லையில் இருப்பவர்கள் பேச்சைக் கணக்கில் எடுக்கத்தான் பலருக்கு மனசில்லை.

இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு, இப்போதைக்கு ஓரளவு பலன் தருவதைச் சொல்கிறேன். இரண்டு வேலையையும் ஒரே பட்டனில் செய்யவே செய்யாதீர்கள். முதலில் மொழியைக் கையால் தமிழ் என்று வைத்து, எழுத்தை மட்டும் எடுங்கள், பேசியவருக்கே அதை வாசித்துக் காட்டுங்கள், 'உங்க' எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் 'நான்', 'எங்கள்', 'அந்த அதிகாரி' என்று யார் யாரை என்பதை முழுசாக எழுதிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அதற்கு முன் அதே தமிழை ஆங்கிலத்துக்கும் ஒரு தடவை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் எங்கே சறுக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். காதில் மாட்டும் புளூடூத் மைக் வேண்டாம், மைக் ஓடும்போது அது அழைப்பு முறைக்கு மாறி ஒலித்தரம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவது வழக்கம், போனை நேராக வாய்க்குப் பக்கத்தில் வைத்தாலே மேல். சர்வே நம்பர், தண்டப்பேர் நம்பர் (வில்லேஜ் வரிக் கணக்கில் நில உடைமையாளரின் எண்), பெயர், வீட்டுப் பெயர் எதையும் குரலுக்கு விடாதீர்கள், கையால் அடியுங்கள்.

ஆனால் இத்தனையும் செய்ய வேண்டியவர்கள் நாங்களா? நாங்கள் கேட்பது பெரிய விஷயமே இல்லை. கருவியின் காதில் என்ன விழுந்தது என்பதை மொழிபெயர்ப்புக்கு முன்னால் காட்டுங்கள். சந்தேகமான சொல்லை வேறு நிறத்தில் காட்டுங்கள், உங்கள் கருவி ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே ஒரு நம்பிக்கை மதிப்பெண் போட்டுத்தானே வைத்திருக்கிறது, அதை எதற்கு ஒளிக்கிறீர்கள்? ஊர்ச் சொற்களின் பட்டியலை நாங்களே சேர்க்க ஓர் இடம் கொடுங்கள், போக்குவரவு என்றால் போக்குவரவு என்றே விடட்டும். தமிழ், மலையாளம் இரண்டையும் ஒன்றாகத் தேர்வு செய்ய விடுங்கள். இதையெல்லாம் எழுதி அனுப்பினால், மைக் அமைப்பைச் சரிபார்க்கும்படி மறுபடியும் அதே தானியங்கிப் பதில்தான் வருகிறது. அந்த "தெளிவாகப் பேசவும்" வரியையாவது முதலில் தூக்குங்கள்.