‘ஆயிரம் ஆண்டுகளாக மாறாத’ கிரகோரியன் இசை பற்றி

யூடியூபில் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்களான கிரகோரியன் பாடல்களைத் தேடினால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பழைய மடத்தின் படமும், ‘ஆயிரம் ஆண்டுகளாக மாறாத இசை’ என்ற தலைப்பும், ‘மனம் அமைதியடைகிறது’ என்ற பின்னூட்டங்களும் வரிசையாக வருகின்றன. மன அமைதியைப் பற்றி எனக்கு வழக்கு ஏதும் இல்லை. ஆனால் ‘மாறாத’ என்ற சொல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் நாம் கேட்கும் பாடுமுறை, அதாவது ஏறக்குறைய சம நீளமுள்ள சுரங்கள், அலைபோல் மெல்ல எழுந்து தாழும் ஓட்டம், பலர் பாடினாலும் ஒரே குரல்போல் ஒலிக்கும் கூட்டிசை ஆகியவை, பிரான்சின் வடமேற்கிலுள்ள சொலேம் என்ற சிற்றூரின் பெனடிக்டின் மடத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்றவை. இதைச் சொன்னவுடன், ‘அப்படியானால் எல்லாமே புனைவா’ என்று சிலர் மறுகோடிக்குத் தாவிவிடுகிறார்கள். அதுவும் சரியல்ல. அந்தத் துறவிகள் முன்வைத்த லயக் கொள்கையில் பெரும்பகுதி இன்று கைவிடப்பட்டுவிட்டது. அதை மறுப்பதற்கான சான்றுகளையும் அவர்களே அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்கள் என்பதுதான் என்னை இந்த ஆய்வு வரலாற்றின் பக்கம் இழுத்தது.

பிரெஞ்சுப் புரட்சியால் மடங்கள் மூடப்பட்டுக் கிடந்த காலத்துக்குப் பின், 1833இல் ப்ரொஸ்பேர் கெரான்ஷே சொலேம் மடத்தில் துறவு வாழ்வை மீண்டும் தொடங்கினார். வழிபாட்டையும் அதன் இசையையும் பழைய தூய வடிவில் மீட்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. அன்றைய கோயில்களில் இருந்ததோ வேறு. ரோமில் 1614–15இல் மெடிசி அச்சகம் வெளியிட்ட பதிப்பில், ஓர் அசையின்மேல் நீளமாக ஓடும் சுரத்தொடர்கள் வெட்டப்பட்டிருந்தன. லத்தீன் சொல்லழுத்தத்துக்கு ஏற்றபடி சுரங்கள் இடம் மாற்றப்பட்டிருந்தன. ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரில் புஸ்டெட் பதிப்பகம் இதையே மீண்டும் அச்சிட, அதற்கு ரோம் 30 ஆண்டு உரிமையும் வழங்கியிருந்தது. பழஞ்சுவடிகளைப் படித்து 1883இல் ஜோசெஃப் பொத்தியே என்ற சொலேம் துறவி பதிப்பித்த பாடல் நூல், ஆகவே, வெறும் புலமைப் பணியாக இருக்கவில்லை. அது ஓர் அதிகாரபூர்வப் பதிப்பையும் அதன் வணிகத்தையும் எதிர்த்து நின்றது.

இந்தச் சண்டையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனவர், பொத்தியேயின் இளைய தோழரான ஆந்த்ரே மொக்ரோ. மடத்துக்கு வருமுன் செல்லோ வாசித்தவர். ‘எங்கள் வாசிப்பே சரி’ என்று வாதாடுவதைவிடச் சுவடிகளையே புகைப்படமெடுத்து அச்சிட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். ‘பாலியோகிராஃபி மியூசிகால்’ என்ற அந்த வரிசை 1889இல், சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்துச் சுவடி 339இன் படிமங்களோடு தொடங்கியது. அடுத்த இரு தொகுதிகளில் அவர் செய்ததுதான் உண்மையில் துணிச்சலானது. ‘யூஸ்துஸ் உத் பால்மா’ என்ற ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டார். தமிழ் வேதாகமத்தில் ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்று வரும் திருப்பாடல் வரிதான் அது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட சுவடிகளிலிருந்து அந்த ஒரு பாடலின் பக்கத்தை மட்டும் படிமமாக எடுத்து அடுக்கினார். பக்கம் பக்கமாக ஒரே மெட்டு வந்துகொண்டே இருக்கும். குறியின் வடிவம் மாறும், எழுத்தின் பாணி மாறும், கோடுகள் புதிதாக முளைக்கும், ஆனால் மெட்டு பெரும்பாலும் அசையாது. ரேகன்ஸ்புர்க் பதிப்பு எவ்வளவு விலகியிருந்தது என்பதைக் காட்ட அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. பிற்காலத்துத் தரவுத்தளங்கள் செய்யும் ஒப்பீட்டு வேலையைக் கண்ணாடித் தகடுகளின் காலத்தில் செய்த மனிதர் என்றுதான் நான் அவரைப் பார்க்கிறேன்.

இந்தச் சுவடிகளைப் படிப்பது ஏன் கடினம் என்பதற்கு சாங்க்ட் காலன் 359 நல்ல எடுத்துக்காட்டு. 10ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியைச் சேர்ந்தது. தனிப்பாடகர் கையில் பிடிப்பதற்கேற்ற ஒடுங்கிய, உயரமான நூல். தந்தச் செதுக்கல் பதித்த அட்டை. லத்தீன் வரிகளுக்கு மேலே கோடுகளே இல்லாமல் மெல்லிய சாய்வுக் குறிகள் ஓடுகின்றன. இவற்றைத்தான் நியூம் என்கிறார்கள். ஒரு குறி இரண்டு சுரம் ஏறச் சொல்லும், இன்னொன்று இறங்கச் சொல்லும். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு என்று மட்டும் சொல்லாது. மெட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருப்பவருக்கான நினைவூட்டல் அது. ஆனால் சுரத்தானத்தைச் சொல்லாத அதே சுவடி, பாடும் விதத்தைச் சொல்வதில் வியக்கத்தக்க அளவு நுணுக்கமானது. குறிகளுக்கு அருகில் குட்டி எழுத்துகள் இருக்கின்றன: ‘ஸி’ என்றால் விரைந்து பாடு, ‘டி’ என்றால் நிறுத்திப் பாடு. சில குறிகளின் தலையில் ஒரு சிறு கோடு, அங்கே சற்றே நீட்டு என்பதற்காக. நடுங்கும் பற்கள்போல் எழுதப்படும் ‘குவிலிஸ்மா’ என்ற குறியும் உண்டு. 9ஆம் நூற்றாண்டிலேயே ரெயோம் மடத்துத் துறவி ஆரேலியன் நடுங்கும் குரலைப் பற்றிப் பேசியிருப்பதால், இது ஒரு வகை அசைவு என்று பலர் கருதுகிறார்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு உடனே கமகம் நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

சுரத்தானம் எங்கிருந்து கிடைத்தது என்றால், 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு இன்று மான்பெலியேயில் இருக்கும் ஒரு சுவடியில் நியூம்களோடு சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளும் சேர்ந்தே இருக்கின்றன. அதே நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரின் குய்தோ பரப்பிய கோட்டு முறையில் எழுதப்பட்ட பிற்காலச் சுவடிகளும் உள்ளன. கோட்டுச் சுவடிகள் சுரத்தைத் தருகின்றன, சாங்க்ட் காலன் போன்ற பழைய சுவடிகள் நடையைத் தருகின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் தரும் சுவடி அரிது என்பதே இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி.

இந்த இடைவெளியில்தான் மொக்ரோவின் கொள்கை நுழைந்தது. எல்லாச் சுரமும் அடிப்படையில் சம நீளம். அவை இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூடும். ஒவ்வொரு கூட்டின் தொடக்கத்திலும் ‘இக்டுஸ்’ என்ற நுண்ணிய ஊன்றல் உண்டு என்றார். அதற்காக அச்சில் அவர் சேர்த்த சிறு செங்குத்துக் கோட்டுக்குச் சுவடிகளில் ஆதாரம் இல்லை. பாடகர் குழுவை ஒன்றாக நடத்துவதற்கு அது அருமையான வழி என்பதை மறுக்க முடியாது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கிரகோரியன் இசையை மீட்குமாறு ஆணையிட்டு, 1904இல் வத்திக்கான் பதிப்புக்குப் பொத்தியேயின் தலைமையில் குழு அமைத்தபோது, குருவும் சீடரும்போல் இருந்த இருவரும் பிரிந்தனர். மிகப் பழைய சுவடியே அளவுகோல் என்றார் மொக்ரோ. பிற்கால மரபும் உயிருள்ள மரபே என்றார் பொத்தியே. அதிகாரபூர்வப் பதிப்பு லயக் குறிகள் இல்லாமல் வெளிவந்தது. சொலேம் தன் பதிப்பில் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. உலகெங்கும் பரவியது பெரும்பாலும் குறிகளோடு கூடிய பதிப்புதான். 1930இல் சொலேம் மடத்தார் இசைத்தட்டுகளிலும் பாடினார்கள். 1994இல் ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகளின் பழைய ஒலிப்பதிவுகள் புதிய வட்டாக வெளியாகி லட்சக்கணக்கில் விற்றபோது, மக்கள் ‘இடைக்காலம்’ என்று வாங்கிச் சென்றது இந்தப் பள்ளியின் வழிவந்த ஒலியைத்தான்.

இடையில் ஒரு செய்தி. 1960களுக்கு முன் லத்தீனில் பூசை கண்டு வளர்ந்த நம் ஊர்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் சிலருக்கு இன்றும் ‘வானதூதர் பூசை’ என்ற பாடல் தொகுதியின் கீரியே (‘ஆண்டவரே இரக்கமாயிரும்’) மெட்டு மறக்கவில்லை. உலகெங்கும் மிக அதிகமாகப் பாடப்பட்ட ‘கிரகோரியன்’ பாடல் தொகுதிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கீரியேயின் தலைப்பிலேயே 15–16ஆம் நூற்றாண்டு என்று வத்திக்கான் பதிப்பு நேர்மையாக அச்சிட்டிருக்கிறது. அதனோடு வழக்கமாகப் பாடப்படும் விசுவாச அறிக்கையின் மெட்டுக்கு 17ஆம் நூற்றாண்டு. இந்த இசைக்குப் பெயர் தந்த, 604இல் மறைந்த திருத்தந்தை கிரகோரிக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புறா அவர் காதில் பாடல்களைச் சொன்னது என்ற கதையோடு இவற்றைச் சேர்த்துப் படிப்பவர்கள், தலைப்பில் உள்ள எண்ணையும் ஒரு முறை பார்க்கலாம்.

மொக்ரோவின் கட்டடத்தைக் கழற்றியவரும் சொலேம் துறவியே. ரோமில் திருஇசை நிறுவனத்தில் கற்பித்த யூஜீன் கார்தின், சாங்க்ட் காலன் குறிகளையும் பிரான்சின் லான் நகரத்துச் சுவடி 239இன் குறிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் படித்து, சுரங்கள் சம நீளமானவை அல்ல, சொல்லின் அசையைப் போலவே நெகிழ்பவை என்று காட்டினார். குவிலிஸ்மாவுக்கு முந்திய சுரத்தை நீட்ட வேண்டும் என்ற பழைய விதி உட்பட ஒவ்வொரு குறியையும் அவர் மறுபரிசோதனைக்கு உட்படுத்தினார். அவர் வழிவந்த ‘கிராதுவாலே திரிப்லெக்ஸ்’ 1979இல் வெளிவந்தது: நடுவில் வத்திக்கான் பதிப்பின் நாற்கோட்டுச் சுரங்கள், மேலே கறுப்பில் லான் சுவடியின் குறிகள், கீழே சிவப்பில் சாங்க்ட் காலன் வகைச் சுவடிகளின் குறிகள். அச்சிட்டவரின் கருத்தை அச்சிட்ட பக்கத்திலேயே சோதித்துப் பார்க்கும் உரிமையைப் படிப்பவருக்குக் கொடுக்கும் இத்தகைய நூல்கள் எந்தத் துறையிலும் அதிகம் இல்லை.

சொலேம் தவறவிட்டதும் உண்டு. ரோமிலேயே 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட சில சுவடிகளில் அதே லத்தீன் பாடல்கள் வேறு மெட்டு வடிவத்தில் இருக்கின்றன: எலும்புக்கூடு ஒன்றுதான், மேலே சுரங்கள் அடர்ந்து நெளிகின்றன. மொக்ரோ 1891இலேயே இவற்றைக் குறிப்பிட்டு, பிற்காலச் சிதைவு என்று ஒதுக்கிவிட்டார். மிகப் பழைய சுவடியே அளவுகோல் என்று நம்பியவருக்கு, பின்னால் எழுதப்பட்ட சுவடி முன்னால் பாடப்பட்டதைச் சுமந்திருக்கலாம் என்பது தோன்றவில்லை. 1950இல் இசை ஆய்வாளர் ப்ரூனோ ஷ்டேப்லைன் இந்த மரபைப் பெரிய விவாதமாக்கிய பிறகுதான், நாம் கிரகோரியன் என்று சொல்வது 8ஆம் நூற்றாண்டில் ஃபிராங்க் மன்னர்கள் பெப்பினும் சார்லமேனும் ரோமின் வழிபாட்டைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தபோது ஃபிராங்க் பாடகர்களின் வாயில் உருமாறியது என்ற கருத்து வலுப்பெற்றது.

அது எப்படிக் கைமாறியது என்பதில் இன்னும் இரு கட்சி. முழுமையாக இசை குறித்த நூல்கள் கிடைப்பது 900ஐ ஒட்டித்தான் என்பதால், அதுவரை எல்லாம் நினைவாலும், நிலையான மெட்டுத் துணுக்குகளைக் கோக்கும் வாய்பாட்டு முறையாலும் ஒவ்வொரு முறையும் மறுபடி உருவானது என்று இசை ஆய்வாளர்கள் ஹெல்முட் ஹுக்கேயும் லியோ ட்ரைட்லரும் வாதிட்டார்கள். மொக்ரோவின் ‘யூஸ்துஸ் உத் பால்மா’வே, பல வரிகளுக்குப் பொதுவாகப் பயன்பட்ட ஒரு வார்ப்பு மெட்டு என்பது இவர்களுக்குச் சாதகம். இவ்வளவு நெருக்கமான ஒற்றுமை எழுத்தில்லாமல் வராது, சார்லமேன் காலத்திலேயே இசை குறித்த மூலச்சுவடி இருந்து அழிந்திருக்க வேண்டும் என்று இன்னோர் ஆய்வாளரான கென்னத் லெவி 1987இல் எழுதினார்.

நான் லெவி பக்கம் சாய முடியாததற்குக் காரணம் அந்தத் திரிப்லெக்ஸ் பக்கங்கள்தான். கறுப்புக் குறியும் சிவப்புக் குறியும் வடிவத்தில் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. லான் குறிகள் புள்ளிகளாகச் சிதறி நிற்கும், சாங்க்ட் காலன் குறிகள் ஒரே இழுப்பில் வளையும். ஆனால் எந்த அசையில் நீட்ட வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதில் இரண்டும் திரும்பத் திரும்ப ஒத்துப்போகின்றன. ஒரு மூலச்சுவடியைப் பார்த்து இரு இடத்திலும் படியெடுத்திருந்தால் குறியின் வடிவமும் ஓரளவேனும் கூடவே வந்திருக்க வேண்டும். பாட்டு ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருப்பதால், பாடும் முறை உறுதிப்பட்ட பிறகே ஒவ்வொரு வட்டாரமும் தனக்குத் தெரிந்த வழியில் அதை எழுதிக்கொண்டது என்றுதான் நான் கருதுகிறேன். லெவியின் மூலச்சுவடி என்றாவது ஒரு நூலகத்தின் அட்டைக்குள்ளிருந்து கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.